பழகியவருக்குப் போகாத பணம்

அத்தியாயம் ஆறு

பணம் களவு போனால் பொலிசுக்குப் போகலாம். பணம் பத்திரமாக உள்ளேயே இருந்துகொண்டு, வெளியே போகமாட்டேன் என்று அடம்பிடித்தால் எங்கே போவது?

கிளிநொச்சி யோகலிங்கத்தார் பிரியந்தினி அக்காவிடம் வந்தார். வந்தார் என்றால் தொலைபேசியில்.

"தங்கச்சி, என்ர கந்தோருக்குள்ளயே ஒருத்தன் எனக்குக் குழி பறிச்சுப்போட்டான். ஆர் எண்டு தெரியும். எப்பிடிப் பறிச்சவன் எண்டதை மட்டும் நீங்கள் வந்து சொன்னால் காணும்."

தொலைபேசியை வைத்துவிட்டு அக்கா என்னைப் பார்த்தார். "கள்ளனைப் பிடிச்சிட்டினமாம். களவைத்தான் தேடவேணுமாம். வண்டியை எடு, றிஸ்வான்."

பிரியந்தினி அக்காவின் தொழில், மென்பொருளுக்குள் ஒளிந்திருக்கும் பிழைகளைத் தேடிப் பிடிப்பது. வவுனியாவில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே அறை எடுத்திருக்கிறார். நான் அவருடைய உதவியாள். வண்டி ஓட்டுவேன், வாடிக்கையாளரோடு பேரம் பேசுவேன், மிச்ச நேரத்தில் வாய் காட்டுவேன். முதல் இரண்டுக்கும் சம்பளம் உண்டு. மூன்றாவது என் சொந்தச் செலவு.

மாங்குளம் தாண்டி, வீதியின் பாதியில் காயப்போட்டிருந்த நெல்லுக்கு வழி விட்டு விட்டு, ஒருவாறு கிளிநொச்சிக்கு வந்து சேர்ந்தோம். யோகலிங்கத்தாரின் மென்பொருள் அலுவலகம், அவர் சொல்லும் கந்தோர், ஓர் இரும்புக்கடையின் மேல்மாடியில். நாங்கள் வாசலில் இறங்கிய அதே நேரம் ஒரு மோட்டார் சைக்கிளும் வந்து நின்றது. ஓட்டியவனுக்கும் பின்னால் இருந்தவளுக்கும் நடுவில் பெரிய மடிக்கணினிப் பை ஒன்று, எல்லைக் கல் மாதிரி. இறங்கியதும் அவள் ஒரு பக்கப் படியால் ஏறினாள். அவன் சாவியை எடுப்பது போலக் கீழேயே நின்று, அவள் மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் ஏறினான்.

"சொந்தக்காரரோ அக்கா?"

"புருசன் பெண்சாதி," என்றார் அக்கா. "சொந்தக்காரர் எண்டால் கதைச்சிருப்பினம்."

யோகலிங்கத்தார் எங்களைத் தன் அறைக்குள் இருத்திப் பிளேன்ரீயும் றோல்ஸும் எடுப்பித்தார். கதவைச் சாத்தினார். விஷயம் இதுதான்.

அவர்கள் செய்யும் சரக்கின் பெயர் 'மடி'. பிறவுசரின் மூலையில் ஒட்டிக்கொள்ளும் ஒரு சின்னப் பணப்பை. டிஜிட்டல் காசை அதற்குள் வைத்துக்கொண்டு, ஒரு அழுத்தில் எவருக்கும் அனுப்பலாம். செய்விப்பது ஒஸ்லோவில் ஒரு நிறுவனம். போன வாரம் புது வேர்ஷன் வெளியே போனது. போனதிலிருந்து சிலருக்கு, அனுப்பு என்று அழுத்தினால் சிவப்பு எழுத்து வருகிறது. காசு தொலையவில்லை. போகவும் இல்லை. மற்றவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. கந்தோரில் எத்தனை தரம் அனுப்பிப் பார்த்தாலும் நல்ல பிள்ளையாகப் போகிறது.

"சிவப்பெழுத்து என்ன சொல்லுது?" என்றார் அக்கா.

யோகலிங்கத்தார் திரையைத் திருப்பினார். 'எறர். முதலாம் வரி. t.' அவ்வளவுதான். பக்கத்தில் எத்தனையாவது எழுத்து என்று ஒரு நீண்ட இலக்கம்.

"முதலாம் வரியிலேயே பிழையோ? பள்ளிக்கூடத்தில நானும் அப்பிடித்தான்," என்றேன்.

"மொத்தமே ஒரு வரிதான்டா," என்றார் அக்கா. "வெளியே அனுப்பேக்க நூற்றுக்கணக்கான ஃபைலையும் ஒண்டாக் கட்டி, இடைவெளியெல்லாத்தையும் பிழிஞ்சு ஒரே வரியாக்குவினம். நீளப் பேரெல்லாம் ஒத்தை எழுத்தாப் போயிடும்."

"அப்ப t-யைத் தேடினால்?"

"கிளிநொச்சிச் சந்தையில நிண்டு 'அண்ணை' எண்டு கூப்பிட்டுப் பார். எத்தினை பேர் திரும்புகினம் எண்டு." அக்கா யோகலிங்கத்தார் பக்கம் திரும்பினார். "எந்தப் பேர் எந்த எழுத்தாப் போனது எண்டு காட்டுற மப் ஃபைல் இருக்குமே. அது எங்க?"

அவர் றோல்ஸைப் பார்த்தார். "அழிச்சாச்சு. ஒவ்வொருமுறையும் அழிக்கச் சொல்லித்தான் வைச்சிருக்கிறன். யாழ்ப்பாணத்தில ஒருத்தர் எங்கட சாமானை அப்பிடியே பார்த்துச் செய்யிறார் எண்டு கேள்வி. அவரின்ர கந்தோர்த் தரைக்கு மாபிள் வேற போட்டிருக்கினம்."

மாபிள் போட்டதுதான் அவருக்குக் கூடுதலாக வலித்தது என்று எனக்குப் பட்டது.

பிறகு பேரைச் சொன்னார். பிரசாந்தன். வாசலில் கண்டவன். இரண்டு மாதம் முன்புவரை 'மடி' குழுவின் தலைவன் அவன்தான். ஒஸ்லோக்காரர் அவனை எடுத்துவிட்டு, அவன் மனைவி சுதாஜினியைத் தலைவியாக்கினார்கள். அன்றிலிருந்து இருவரும் கந்தோரில் வடக்கும் தெற்கும். புது வேர்ஷன் போவதற்கு முதல் நாள் பிரசாந்தன் எதையோ 'பூட்டி' வைத்திருக்கிறான். பதிவில் அவன் பேர் கிடக்கிறது.

"பெண்சாதிக்கு வந்த பதவியைப் பொறுக்கேலாமல் நாசம் செய்திருக்கிறான் தங்கச்சி. நாலு மணிக்கு ஒஸ்லோவில இருந்து கூப்பிடுவினம். பேர் சொல்லவேணும். பணப்பையில கை வைச்சவன் எண்ட பேரோட அவனை அனுப்பினால் பிறகு ஒருத்தனும் அவனுக்கு வேலை குடான். எனக்கு விளங்குது. ஆனா நான் என்ன செய்ய?"

"நாலு மணிவரை ஒண்டும் செய்யாதேங்கோ," என்றார் அக்கா.

முதலில் சுதாஜினியைப் பார்த்தோம். மேசையில் எல்லாம் நேர்கோட்டில் இருந்தன. பேச்சும் அப்படியே.

"இவர் செய்தவர் எண்டு நான் சொல்லேல்லை."

"செய்யேல்லை எண்டு சொல்லுவீங்களோ?"

"அதையும் நான் சொல்லேல்லை."

இப்படி ஒரு பெண் எங்கள் குடும்பத் துணிக்கடையில் சேலை எடுக்க வந்தால் என் வாப்பா விலையைத் தானே குறைத்துவிடுவார்.

பிரசாந்தன் தன் மூலையில் இருந்து எழும்பவில்லை. அவன் எழுதிய பகுதியை அக்கா திரையில் உருட்டி உருட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, "வலு வடிவா எழுதியிருக்கிறீர்," என்றார்.

எனக்குள் ஏதோ கருகியது. போன வருடம் முழு மாசி மாதமும் கண் முழித்து அக்காவுக்காக நான் ஒரு சின்ன மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். அதற்குக் கிடைத்தது "பரவாயில்லை". இவன் ஒரு சந்தேக நபர், இவனுக்கு வலு வடிவு.

"நாசம் செய்யிற ஆள் வடிவாத்தான் செய்வார்," என்றேன்.

"உவர் ஆர்?" என்றான் பிரசாந்தன்.

"என்ர தலையெழுத்து," என்றார் அக்கா. "றிஸ்வான், வாயை வைச்சுக்கொண்டு சும்மா இராமல் அந்த முறைப்பாடுகளை வாசி. என்ன ஒற்றுமை எண்டு பார்."

வாசித்தேன். பேர்கனில் ஒரு தாய், படிக்கும் மகனுக்கு மாதச் செலவு அனுப்ப முடியவில்லை. லியோனில் ஒருவர் வீட்டுக்காரருக்கு வாடகை அனுப்ப முடியவில்லை. ஒருத்தி தங்கைக்கு, ஒருவர் பங்காளிக்கு. திட்டுகள் வெவ்வேறு மொழியில். பிறவுசர் வேறு, நாடு வேறு, தொகை வேறு. ஒற்றுமை என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் கடைக்காரன் கண்ணுக்கு ஏதோ உறுத்தியது.

"அக்கா, இதில புது வாடிக்கை ஒண்டும் இல்லை."

"எப்பிடி?"

"எல்லாரும் முந்தியும் அனுப்பின ஆளுக்குத்தான் அனுப்பப் பார்த்திருக்கினம். மகன், வீட்டுக்காரர், தங்கச்சி. முதல்முறையா ஒருத்தருக்கு அனுப்பின ஆள் ஒருத்தரும் முறைப்பாடு செய்யேல்லை. எங்கட கடையில பழைய ஆள் வந்தால்தான் கதிரை இழுத்துப் போடுவம். இஞ்ச முன்பின் தெரியாதவனை உள்ள விட்டிட்டு, பழகினவனை வாசல்லயே மறிக்கினம்."

அக்கா கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். "திரும்பச் சொல்லு."

திரும்பச் சொன்னேன். இந்தமுறை கொஞ்சம் மெதுவாக, பிரசாந்தனுக்கும் கேட்கும்படி.

கந்தோரில் மென்பொருளைப் பரிசோதிக்கும் ராஜினியை அக்கா கூப்பிட்டார். "நீங்கள் எப்பிடிப் பிள்ளை செய்து பார்க்கிறனீங்கள்?"

"ஒவ்வொருமுறையும் புது பிறவுசர், புது மடி, மிஸ். பழைய தடயம் ஒண்டும் இருக்கக்கூடாது எண்டு முதலாளி அண்ணையின்ர ஓடர்."

"அப்ப உங்கட மடியில, முந்தி அனுப்பின ஆள் எண்டு சேமிச்ச முகவரி ஒண்டும் இராது."

"ஒண்டும் இராது. நாங்கள் வலு துப்பரவு."

"அதுதான் வினை," என்றார் அக்கா. "துப்பரவாப் பார்த்ததால, ஒருத்தரும் ஒரே ஆளுக்கு ரெண்டாந்தரம் அனுப்பிப் பார்க்கேல்லை. றிஸ்வான், எனக்கு ஒருக்கா அனுப்பு."

அனுப்பினேன். போனது.

"இப்ப என்ர முகவரியை அடிக்காதை. பட்டியலில இருந்து தெரிவுசெய்து இன்னொருக்கா அனுப்பு."

சிவப்பு. 'எறர். முதலாம் வரி. t.'

கந்தோரே எழும்பி வந்து எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றது. ஒரு வாரமாக வெளிநாட்டில் மட்டும் தெரிந்த பேய் முதல்முறையாகக் கிளிநொச்சிக்கு வந்திருந்தது. யோகலிங்கத்தார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். சுதாஜினி மட்டும் வரவில்லை. தன் கதிரையிலேயே இருந்தாள்.

"சேமிச்ச முகவரிப் பகுதி ஆரின்ர?" என்றார் அக்கா.

"என்ர," என்றான் பிரசாந்தன்.

"அனுப்புற பகுதி?"

அவன் சுதாஜினி பக்கம் திரும்பாமலே கையை மட்டும் காட்டினான். "அவாட."

"என்னத்தைப் பூட்டினனீர்?"

அவன் முகம் சிவந்தது. "மறைக்க ஒண்டுமில்லை. முகவரி சரியோ எண்டு பார்க்கிற, எல்லாப் பகுதியும் எடுத்துப் பாவிக்கிற லைப்ரரி நான் எழுதினது. இவா அதைத் திருத்திப் புது வேர்ஷன் விட்டா. திருத்தட்டும், அதுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை. எழுதினவர் எண்ட இடத்தில என்ர பேரை எடுத்திட்டுத் தன்ர பேரைப் போட்டிருக்கிறா. பிறகு நான் ஏன் அதைப் பாவிக்கவேணும்? என்ர பகுதிக்கு என்ர பழைய வேர்ஷனே காணும் எண்டு பூட்டினனான்."

"ரோசம்," என்றேன்.

"உமக்கு வந்தால் தெரியும்," என்றான்.

எனக்கு வந்துகொண்டுதான் இருந்தது.

அக்கா கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். அதே சரக்கை மறுபடி கட்டினார், ஆனால் பிழியவில்லை. பேர்கள் பேர்களாகவே இருக்கட்டும் என்று விட்டார். ஒற்றை வரி அவிழ்ந்து பல ஆயிரம் வரிகளாக இறங்கியது. தேடினார். ஓரிடத்தில் நிறுத்தினார். 'அட்ரஸ்' என்று ஒரு பேர். இன்னும் கீழே போனார். 'அட்ரஸ்2'.

"ஆர் இப்பிடி ரெண்டெண்டு பேர் வைச்சது?" என்றார் யோகலிங்கத்தார்.

"ஒருத்தரும் வைக்கேல்லை அண்ணை. ஒரே பேரில ரெண்டு பிரதி வந்தால், கட்டுற மெஷின் தானே ரெண்டாவதுக்கு இலக்கம் போட்டுவிடும். ஒண்டு இவர் பூட்டி வைச்ச பழைய வேர்ஷன். மற்றது அவா கொண்டுவந்த புதுசு. ரெண்டும் ஒரே பெட்டிக்குள்ள."

"ஒரு வீட்டில ரெண்டு பெண்சாதி," என்றேன்.

"அதேதான்," என்றார் அக்கா. நான் பகிடிக்குச் சொன்னதை அவர் பகிடியாக எடுக்கவில்லை. "பட்டியலில இருக்கிற முகவரி பழையவள் பெத்த பிள்ளை. அனுப்புற வாசல்ல புதியவள் நிண்டு, 'நீ நான் பெத்த பிள்ளையோ' எண்டு கேக்கிறாள். எழுத்துக்கு எழுத்து ஒரே முகவரிதான். ஆனா அவள் பெறேல்லை. உள்ள விடாள். கையால அடிச்சால் அது அவளின்ர பிள்ளை, போயிடும்."

யோகலிங்கத்தார் மேசையில் தட்டினார்.

"அப்ப பூட்டுத்தான் காரணம்," என்றார் யோகலிங்கத்தார். "நான் சொன்னது சரி."

பிரசாந்தன் திரையையே பார்த்தபடி நின்றான். "ஓம். என்ர பூட்டாலதான்." குரல் இறங்கியிருந்தது. "நாசம் செய்ய நினைக்கேல்லை அண்ணை. ஆனா இனி ஆர் நம்பப் போகினம்." தன் மூலைக்குப் போய் சார்ஜரின் வயரைச் சுற்றத் தொடங்கினான். கோப்பையைப் பைக்குள் வைத்தான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க ஒருவன் மேசையை ஒழிப்பதைப் பார்ப்பது நல்ல காட்சியல்ல. எனக்குக்கூட அந்த 'வலு வடிவு' மறந்துபோனது.

அக்கா எழும்பவில்லை. இன்னும் வாசித்துக்கொண்டிருந்தார். பிறகு, "எல்லாரும் கொஞ்சம் வெளியில நில்லுங்கோ. சுதாஜினி மட்டும் இருக்கட்டும்," என்றார்.

நானும் எழும்பினேன். "நீ இரு. நீ தளபாடக் கணக்கில சேர்த்தி," என்றார்.

கதவு சாத்தியது. அக்கா திரையைச் சுதாஜினி பக்கம் திருப்பினார்.

"இந்த வாசல் கேள்வி. 'நான் பெத்த பிள்ளையோ' எண்டு கேக்கிற கேள்வி. இதை எழுதினது நீங்கள்."

"ஓம். பாதுகாப்புக்கு."

"கேள்விக்குக் கீழ ஒரு வசனம் எழுதியிருக்கிறீங்கள். பிழியேக்க பாரத்தைக் குறைக்கிறதுக்கு நீள வசனங்களை வெட்டிப்போடும். அதாலதான் வெளியில t மட்டும் மிஞ்சினது. பிழியாததில முழுசும் கிடக்கு." அக்கா வாசித்தார். "'இது பழைய பிரதியில் செய்த முகவரி. பிரசாந்தனைக் கேட்கவும்.'"

சுதாஜினி திரையிலிருந்து பார்வையை எடுத்தாள்.

"உங்கட கந்தோரில ஒருத்தர் எழுதினதை மற்றவர் வாசிச்சு ஓம் எண்டால்தான் உள்ள போகும். அவரின்ர பூட்டுக்கு ஓம் போட்டது நீங்கள். அண்டைக்குப் பின்னேரமே இந்த வசனத்தை எழுதியிருக்கிறீங்கள். பூட்டையும் கண்டிருக்கிறீங்கள், அது எங்க போய் முட்டும் எண்டும் தெரிஞ்சிருக்கு."

மேசையில் நேராக இருந்த பேனையை அவள் கொஞ்சம் சரித்தாள். முதல்முறையாக அந்த மேசையில் ஒன்று கோணலாகக் கிடந்தது.

"அக்கா, தலைவி நான். ஆனா ஆருக்கும் ஒரு சந்தேகம் வந்தால் எழும்பி எங்க போவினம் தெரியுமோ? அவரின்ர மேசைக்கு. நான் பதில் சொன்னால், ஒஸ்லோவில இருந்து 'பிரசாந்தனும் அப்பிடித்தான் நினைக்கிறாரோ' எண்டு கேப்பினம். துணுக்காயில இருக்கிற என்ர அம்மாவுக்குப் பதவி உயர்வைச் சொன்னனான். அவா கேட்ட முதல் கேள்வி, 'தம்பி பிரசாந்தன் சம்மதிச்சவரோ?'" அவள் சிரிக்க முயன்றாள். "பூட்டைக் கண்டதும், இவர் பிழை விட்டிட்டார் எண்டு தெரிஞ்சுது. வாழ்க்கையில ஒருக்கா. அடுத்தநாள் ராஜினி செய்து பார்க்கேக்க, எல்லாருக்கும் முன்னால, இவரின்ர பேரோட சிவப்பெழுத்து வரும் எண்டு நினைச்சனான். அவ்வளவுதான் அக்கா. ராஜினி புது மடியில மட்டும் பார்க்கிறவா எண்டதை மறந்திட்டன். வெளியில போகும் எண்டு நினைக்கேல்லை."

"வந்தது t."

"வந்தது t. அதுவும் என்ர பகுதியில. விளக்கப் போனால் எனக்கு முதலே தெரியும் எண்டதும் வெளிவந்திடும். வாயை மூடினனான். பிறகு அண்ணை தானே இவரின்ர பேரைச் சொல்லத் தொடங்கினார்."

"அவர் வெளியில சார்ஜர் சுத்துறார்."

"கண்டனான்."

"கள்ளன் எண்ட பேரோட போகப்போறார்."

அவள் கண்கள் நிறைந்தன. நீர் விழவில்லை. வீம்பு பிடித்த கண்கள்.

"நாலு மணிக்கு நான் கண்டதைச் சொல்லவேணும்," என்றார் அக்கா. "உங்கட வாயால வந்தால் அது ஒரு கதை. என்ர வாயால வந்தால் வேற கதை. நான் வெளியில நிக்கிறன்."

ஒஸ்லோவின் அழைப்பு சொன்ன நேரத்துக்கு வந்தது. பெரிய திரையில் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி. யோகலிங்கத்தார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பொறுப்பானவரைக் கண்டுபிடித்துவிட்டோம்," என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். பிரசாந்தன் பையைத் தோளில் போட்டபடி என் பக்கத்தில் சுவரோடு நின்றான்.

"நான்தான்," என்றாள் சுதாஜினி.

யோகலிங்கத்தார் வாய் திறந்தபடி நின்றார். அவள் நிறுத்தவில்லை. பூட்டு ஒளிவுமறைவாகப் போட்டதல்ல, தான் வாசித்து ஓம் போட்டது, அது எங்கே உடையும் என்று தெரிந்தும் சொல்லாமல் விட்டது, அவரைத் தலைகுனிய வைக்க வாசலில் ஒரு கேள்வி வைத்தது, ஒரு வாரம் வாயைத் திறக்காமல் இருந்தது. ஒன்றையும் மெழுகவில்லை. எங்கள் கடைத்தெருவில் இப்படி ஒருவர் தன் சரக்கின் குறையைத் தானே எண்ணிச் சொல்லி நான் கண்டதில்லை.

திரையில் இருந்த பெண்மணி கண்ணாடியைக் கழற்றினார். பிழை பெரியதுதான், அதைப் பற்றிப் பிறகு பேசவேண்டும் என்றார். ஆனால் இவ்வளவு நேர்மையாக ஒருவர் தன் குழுவின் முன்னால் நின்று சொல்லித் தான் கேட்டதில்லை என்றார். இது ஒரு தலைவியின் குணம் என்று வேறு சொன்னார்.

நான் பிரசாந்தனைப் பார்த்தேன். கோபம் வரும், அல்லது கண்ணீர் வரும், இரண்டுக்கும் தயாராக நின்றேன். அவன் மூக்கு விடைத்தது. என் காதுக்குள் சொன்னான்:

"பார்த்தீரோ? பிழையை ஒத்துக்கொள்ளுறதிலயும் இவாதான் முன்னுக்கு."

தோளில் இருந்த பை கீழே விழுந்தது. அவன் கதிரை ஒன்றை இழுத்துக்கொண்டு போய்த் திரைக்கு முன்னால், அவளுக்குப் பக்கத்தில் இருந்தான். "மன்னிக்கவேணும். அடிப்படைப் பிழை என்னுடையது. பேருக்காகப் பூட்டினேன்."

"அதை நான் தடுத்திருக்கலாம்," என்றாள் அவள்.

"தடுக்கிறதுக்கு முதல் நான் பூட்டாமல் விட்டிருக்கலாம்."

"நீங்கள் பூட்டினது ரோசத்தில. நான் விட்டது வேணுமெண்டு. என்ரதான் பெரிசு."

"இஞ்ச பாரும், பேரை எடுத்ததுக்கு நான் கேட்டிருக்கவேணும். கேக்கேல்லை. அதுதான் தொடக்கம்."

"தொடக்கம் நான் பேரை எடுத்தது."

எப்போது ஆங்கிலம் நின்று தமிழ் தொடங்கியது என்று இருவருக்கும் தெரியவில்லை. ஒஸ்லோப் பெண்மணி கண்ணாடியை மறுபடி போட்டு, ஒருவர் மாறி ஒருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மாதத்துக்குப் பிறகு இருவரும் கதைக்கிறார்கள் என்று ராஜினி என் முதுகுக்குப் பின்னால் யாருக்கோ சொன்னாள்.

யோகலிங்கத்தார் மெல்ல அக்காவின் பக்கம் சாய்ந்தார். "தங்கச்சி, இப்ப நான் ஆரின்ர பேரைச் சொல்லுறது?"

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணை," என்றார் அக்கா. "இந்தப் போட்டியில இன்னும் ஆர் வெண்டது எண்டு தெரியேல்லை."